கடைசி வீட்டு வாசலில் நைட் ஹால்ட்

முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ வெகுநேரம் மூச்சைப் பிடித்து வைத்திருந்து ஒரேயடியாக விட்டதுபோல, புஸ்ஸென்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, தொம். கொஞ்ச தூரம் நடந்து, இன்னொரு தொம். யாரோ வீட்டைச் சுற்றிவந்து, எங்கே இளக்கமாக இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற மாதிரி.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் ராத்திரி அது. என் கணவர் ஜெயசீலன் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். பால் காய்ச்சிய பாத்திரம்கூட இன்னும் கழுவவில்லை, அதற்குள் ஷிஃப்ட். பகலெல்லாம் டெம்போவும் லாரியுமாக இருந்ததில் என்ஜின் சத்தம் எதையும் நான் கவனிக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு வந்த இந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். நித்திலாவைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கையில் விளக்குமாறு. அதை வைத்து என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்காதீர்கள். குழந்தை என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு தொம்முக்கும் சிரித்தாள்.

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பஸ். ராத்திரி கடைசியாக வந்த பஸ் இங்கேயே நின்று, டிரைவரும் கண்டக்டரும் அதற்குள்ளேயே படுத்து, விடியற்காலையில் முதல் டிரிப்பாகக் கிளம்புமாம். அதற்கு நைட் ஹால்ட் என்று பெயர். படுக்கப் போகும் முன் டிரைவர் ஓர் இரும்புக் கம்பியால் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தத் தொம்தான் அது. பெருமூச்சு, பிரேக்கில் இருந்து காற்று விடுகிற சத்தம்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தது நீங்கள்தானே. இடுப்பில் பையன், தோளில் இரண்டு பை. செருப்பில் கூட்டு ரோட்டுச் செம்மண். அதைப் பார்த்ததுமே நீங்கள் நடந்து வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் புரோக்கரிடம் கேட்டீர்கள், "நான் வேலைக்குப் போறவ. ராத்திரி திரும்பி வர பஸ் இருக்கா?"

"பஸ்ஸா? வாசல்லயே வந்து நிக்கும்மா. வேணும்னா இந்த மேடத்தக் கேளுங்க. தெனம் பஸ்லதான் போய் வராங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன்.

அது முழுப் பொய் இல்லை, பாருங்கள். நான் தினமும் பஸ்ஸில்தான் போகிறேன். பஸ் வாசலில் வந்து நின்றதும் உண்மைதான். ஆனால் அதெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால். நாளைக் காலை உங்கள் கணவரோடு அட்வான்ஸ் கொடுக்க வருகிறீர்கள் என்று புரோக்கர் சொன்னார். அதற்குள் இதை எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. எழுதினால் வரும். திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டில் கடிதம் எழுதுவதற்கென்றே சிஸ்டர் பெனடிக்டா ஒரு பீரியட் வைத்திருந்தார்கள். என் கடிதத்தை எடுத்துத்தான் வகுப்பில் படித்துக் காட்டுவார்கள்.

என் பெயர் சுகிர்தா. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசெப்ஷனில் இருக்கிறேன். நித்திலாவை அங்கேயே பக்கத்துத் தெரு கிரெஷ்ஷில் விடுகிறேன். காலையில் அவளோடு பஸ், அப்புறம் ரயில். சாயங்காலம் மறுபடி ரயில், பஸ். கடைசி நோயாளி போய் நான் கிளம்புவதற்குள் இருட்டிவிடும். ஆகவே எனக்கு எப்போதும் கடைசி பஸ்தான். இந்த பிளாட்டினம் கார்டன்ஸில் முக்கால்வாசிப் பேர் கார் வைத்திருக்கிறார்கள். மிச்சப் பேர் பைக். பஸ்ஸில் வருவது நானும், வீட்டு வேலைக்கு வருகிற சில பெண்களும்தான். அவர்கள் காலையில் வந்து மதியம் போய்விடுவார்கள். ராத்திரி பஸ் திரும்புகிற இந்த வளைவு வரைக்கும் வந்து இறங்குவது நான் ஒருத்தி.

அந்த பஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? ஸ்டேஷனில் ஏறும்போது மூச்சுவிட முடியாது. மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள், கம்பெனிப் பெண்கள், காய்கறிக் கூடை. முதல் வாரம் நான் நித்திலாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றேன். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையை நீட்டி, "கொயந்தையக் குடு" என்றாள். "பரவாயில்லைங்க" என்றேன். "இன்னா பரவால்ல, நீ வுழுந்தா அது மண்ட ஒடையும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அவளே வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை, சும்மா வாங்கிக்கொண்டாள். மடியில் காலி மீன் கூடை, அதற்கு மேல் என் குழந்தை. இறங்கும் வரை அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அந்த வாரம்தான் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. இறங்கியதும் ஈரத்துணியால் நித்திலாவைத் துடைத்தேன். அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

கண்டக்டர் பெயர் வேம்புலி. ஐம்பது வயது இருக்கும். டிரைவர் ஏகாம்பரம், அவரைவிடப் பெரியவர், பேசவே மாட்டார். வேம்புலி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். "கான்வென்ட்டு அம்மா வந்துட்சி, வண்டிய எடுக்கலாம்ணா" என்பார். எனக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ரயிலில் இருந்து இறங்கி ஓடிவரும் நேரமும் அவர்கள் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். ரயில் தாமதமான நாட்களிலும் அப்படித்தான் இருந்தது.

கூட்டு ரோட்டில் எல்லாரும் இறங்கிவிட்ட பிறகு, பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் நானும் குழந்தையும். இங்கே வரை இருட்டு, இரண்டு பக்கமும் முள். நான் முன்வாசலுக்குப் பக்கத்து சீட்டில் கைப்பையைத் திறந்து, வீட்டுச் சாவியின் முனையை விரல் நடுவே பிடித்துக்கொண்டு உட்காருவேன். அப்படிப் பிடித்தால் குத்தலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். நித்திலா வேம்புலியின் விசிலை வாயில் வைத்து எச்சில் பண்ணிக்கொண்டிருப்பாள். வாங்கித் துடைத்து வைத்துக்கொள்வார். "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் வீடு கடைசித் தெருவில் கடைசி. நீங்கள்தான் பார்த்தீர்களே, அதற்குப் பிறகு வேலி, அதற்குப் பிறகு ஏரி. பஸ் திரும்புகிற வளைவு என் கேட்டுக்கு நேர் எதிரே. அப்படியென்றால் ஒவ்வொரு ராத்திரியும் அறிமுகமில்லாத இரண்டு ஆண்கள் என் வாசலில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கணவர் மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். நீங்களே சொல்லுங்கள், எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும்? நித்திலாவுக்கு வந்தது. அந்தத் தொம் கேட்டால்தான் அவள் கண்ணை மூடுவாள் என்று ஆகிவிட்டது. கடைசி டயர் வரைக்கும் விழித்திருந்து கேட்பாள், அப்புறம் அப்படியே சரிந்துவிடுவாள். அதை ஒரு கெட்ட பழக்கமாகத்தான் நான் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. காலையில் கண்டக்டர் இடுப்பில் துண்டோடு பார்க் குழாயில் பல் விளக்குவார். என் சமையலறை ஜன்னலில் இருந்து தெரியும். நம் அசோசியேஷன் செக்ரட்டரி மோகனரங்கன் சார் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். கிளப் ஹவுஸ் டாய்லெட்டை ராத்திரி மட்டும் திறந்துவிட முடியுமா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். "நாம மெயின்டனன்ஸ் கட்டுறோம், அவங்களா கட்டுறாங்க?" என்றார் சார். அதற்கப்புறம் ராத்திரியில் ஏரிப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம் போகும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். என் ஜன்னல் திரையில் அந்த வெளிச்சம் நகரும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா?

ஒரு ராத்திரி கதவைத் தட்டினார்கள்.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். குழந்தையோடு இறங்கி வீட்டுக்குள் வந்து, அவளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் காலடி. அப்புறம் கதவில் மெதுவாக இரண்டு தட்டு. "யம்மா... யம்மா..." நான் லைட்டை அணைத்தேன். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். கதவுப் பக்கமே போகவில்லை. "படுத்துட்சி போல. வாண்ணா, காலைல குட்துக்கலாம்" என்று ஒரு குரல். காலடி திரும்பிப் போனது. நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

காலையில் கேட்டுக் கம்பியில் நித்திலாவின் ஒற்றைச் செருப்பு மாட்டியிருந்தது. நடந்தால் கீக்கீ என்று கத்துமே, அந்தச் செருப்பு. பஸ்ஸில் கழன்று விழுந்திருக்கும் போல. அதைக் கொடுக்கத்தான் வந்தோம் என்று அவர்கள் சொல்லலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டியது தட்டியதுதானே? அந்தச் செருப்பை டெட்டால் போட்டுக் கழுவினேன். நித்திலா போட்டுக்கொண்டு கீக்கீ என்று பஸ் நிற்கிற பக்கமாகவே ஓடினாள்.

அடுத்த ஞாயிறு அசோசியேஷன் கூட்டம். மோகனரங்கன் சார் ஏற்கெனவே அந்த பஸ்ஸின் மேல் கடுப்பில் இருந்தார். வளைவில் டீசல் சிந்துகிறது, புதிதாகக் கட்டுகிற ஃபேஸ் டூ வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று. "ஒரு லெட்டர் போடணும். ஆனா நல்ல இங்கிலீஷ்ல போடணும். தமிழ்ல எழுதினா அவன் படிக்காமலே ஃபைல்ல போட்டுருவான்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர், "நம்ம சுகிர்தா மேடம் கான்வென்ட் ஆச்சே" என்றார். எட்டு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். ஒரு பிழை கிடையாது. நைட் ஹால்ட்டை வேறு பொருத்தமான இடத்துக்கு மாற்றும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன். பஸ் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் தனியாக இருக்கும் பெண் ஒருவரின் கதவை ஊழியர்கள் இரவில் தட்டினார்கள் என்றும் எழுதினேன். செருப்பைப் பற்றி எழுதவில்லை. ஒரு கடிதத்தில் தேவையில்லாததை எழுதக் கூடாது என்று சிஸ்டர் பெனடிக்டா சொல்வார்கள்.

மோகனரங்கன் சார் படித்துப் பார்த்து, "சூப்பர்மா. இதுல ஒரு ஃபோர்ஸ் இருக்கு" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து, ஓர் ஈரமான வியாழக்கிழமை, ஸ்டேஷனில் இருந்து ஓடி வருகிறேன். பஸ் நிற்கிறது. போர்டில் ஆலஞ்சேரி என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கிராமம் அது, கூட்டு ரோட்டில் இருந்து நமக்கு இடது பக்கம் என்றால் அதற்கு நேராகப் போக வேண்டும். வேம்புலி படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏறும்மா. ஆனா உனுக்குக் கூட்ரோடு வரைக்கும்தான்."

"ஏன்? உள்ள போகாதா?"

"நைட் ஹால்ட்ட எத்துட்டாங்கோ. இனிமே ஆலஞ்சேரிலதான் படுக்க."

"ஹால்ட்தானே எடுக்கச் சொன்னாங்க? பஸ் எதுக்கு நிக்கணும்? எங்களை இறக்கி விட்டுட்டு நீங்க ஆலஞ்சேரி போகலாமே."

"தங்காத வண்டி அவ்ளோ தூரம் எதுக்கும்மா வரும்? ஒரு டிக்கெட்டுக்கு உள்ள வந்துட்டுக் காலி வண்டியத் திருப்பி ஓட்டுனா டிப்போல வுடுவானா? ராத்திரி தங்குற வண்டிதான் கடசி வண்டி. அதான் காலைல மொத வண்டி. உனுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஸ்கூலில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. மோகனரங்கன் சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்தான் செக்ரட்டரி. மறுநாள் அவரிடம் போய்க் கேட்டேன். "பகல்ல ரெண்டு டிரிப் வருதே, போதாதா? நீங்க பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிடுங்க" என்றார். மறுபடி எழுதித் தரட்டுமா என்றேன். "இப்பதான எடுத்தோம். மறுபடி கேட்டா நம்மள என்ன நெனைப்பான்? அந்த ஓசி பஸ்ஸுக்காக?" பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் அப்படி ஒரு குத்தல். இரண்டு நாள் கழித்து, கூட்டு ரோட்டில் இருந்து நான் குழந்தையோடு நடந்து வரும்போது அவர் கார் என்னைத் தாண்டிப் போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது. பார்த்திருக்க மாட்டார்.

ஷேர் ஆட்டோ உள்ளே வராது. ஆள் சேர்ந்தால்தான் வருவேன் என்பான். யாரை நான் சேர்ப்பது? ஜெயசீலன் பகல் ஷிஃப்டாக இருந்தால் பைக்கில் வந்து அழைத்துப்போவார். மற்ற வாரங்களில் நடைதான். குழந்தை ஒரு தோளில், பை ஒரு தோளில், போனின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. "வேலைய விட்டுடு" என்கிறார் அவர். வேலையை விட்டால் இந்த வீட்டில் பகலும் ராத்திரியும் நானும் ஏரியும்தான். அதை அவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

போன வாரம் அந்தப் பெரிய மழை பெய்ததே, அன்றைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கூட்டு ரோட்டில் டீக்கடைகூட மூடியிருந்தது. பஸ் நின்றது, நான் இறங்கவில்லை. படியில் நின்று வெளியே பார்த்தேன். நம் குடியிருப்பின் நுழைவு வளைவுக்குப் போகிற ரோடே தெரியவில்லை. தண்ணீரும் இருட்டும் ஒன்றாக இருந்தது. வண்டியில் ஆலஞ்சேரிக்காரர்கள் நிறைய இருந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு உள்ள வந்து விட்டுடுங்களேன்" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

வேம்புலி டிரைவரைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக ஏகாம்பரம் என்னிடம் பேசினார். திரும்பாமலே, கண்ணாடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரூட்டு மாத்த முடியாதும்மா. ஏற்கெனவே மெமோ வாங்கி நிக்கிறோம் ரெண்டு பேரும். ராத்திரில போய்க் கதவத் தட்டுனோம்னு எழுதி இருந்துச்சாம். விசாரணைல படிச்சுக் காட்டுனாங்க. இங்கிலீஷு. நமக்கு எங்க வெளங்குது, அவங்களே அர்த்தம் சொன்னாங்க." வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "செருப்பக் குடுக்கத்தான்னு சொன்னேன். அப்படி ஒண்ணும் இதுல இல்லையேன்னாங்க."

அது அசோசியேஷன் கடிதம். கீழே கையெழுத்து மோகனரங்கன் சாருடையது. எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. "யார் எழுதினாங்களோ" என்றேன்.

"யாரோ எய்தினாங்கோ, வுடு" என்றார் வேம்புலி. என் கையில் இருந்த பையை வாங்கிப் படியில் வைத்தார். "ஆலஞ்சேரில எங்களுக்கு ஸ்கூலாண்ட ஒரு ரூம்பு குட்துக்கிறாங்கோ. கக்கூஸ் கீது, கொயால தண்ணி வருது. ஒரு கொறையும் இல்ல. கொயந்த தூங்குதா? தலையில துணியப் போடு."

பின்னாலிருந்து யாரோ, "இன்னாபா, ரயிலு வரணுமா?" என்றார்கள். நான் இறங்கினேன்.

பஸ் கிளம்பிப் போகவில்லை. அது முன்னும் பின்னும் போய், மூக்கை நம் ரோட்டுப் பக்கமாகத் திருப்பி நின்றது. இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தன. தண்ணீர் எங்கே பள்ளம், எங்கே ரோடு என்று எல்லாம் தெரிந்தது. என் நிழல் நீளமாக, நுழைவு வளைவு வரைக்கும் எனக்கு முன்னால் போனது. பின்னால் வண்டியில் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டது, வேம்புலி பதில் கொடுப்பதும் கேட்டது. வெளிச்சம் நகரவே இல்லை. நான் ஏறக்குறைய ஓடினேன். முதுகில் அத்தனை பேர் கண் இருந்தால் யாருக்குத்தான் நடக்க வரும்? எதற்காக அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று, மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த ஜெயசீலனிடம் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கதவு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தச்சன்தான் இந்த வரிசை முழுக்கச் செய்தது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டு நன்றாக இருக்கிறது. மேலே இருக்கிற தாழ்ப்பாள்தான் சேராது. கதவு இறங்கி, துளை ஒரு விரல் மேலே போய்விட்டது. பஸ் வராமல் போன முதல் ராத்திரி, வெளியே ஒரு சத்தமும் இல்லையே என்று எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன், அப்போதுதான் எனக்கே இது தெரிந்தது. அதுவரை எட்டு மாதம், வாசலில் இரண்டு ஆண்கள் படுத்திருக்க, ஒரு ராத்திரிகூட அந்தத் தாழ்ப்பாளை நான் போட்டதில்லை போலிருக்கிறது. எப்படி என்று எனக்கே ஆச்சரியம். வேலை அலுப்பில் மறந்திருப்பேன்.

அதிலிருந்து நித்திலாவும் தூங்குவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தேன். ஏமாறவில்லை.

நீங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வீடு நல்ல வீடு, தண்ணீர் நன்றாக வருகிறது, வாடகையும் கம்மி. நாம் இரண்டு பேர் இருந்தால் கூட்டு ரோட்டில் இருந்து சேர்ந்து நடக்கலாம். ஒருத்தி டார்ச் பிடித்தால் இன்னொருத்தி பையைப் பிடிக்கலாம். இரண்டு பேர் இருந்தால் ஷேர் ஆட்டோகூட உள்ளே வரும். இன்னொன்றும் யோசித்தேன். நான் மறுபடி டிப்போவுக்கு எழுதுகிறேன், அசோசியேஷன் இல்லாமல் நாமே. நைட் ஹால்ட் திரும்ப வர வேண்டுமென்றால் அவர்களுக்கு ஒரு டாய்லெட்டும் தண்ணீரும் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு டாய்லெட் இருக்கிறது, பார்த்தீர்களா? வேலைக்காரர்களுக்கென்று பில்டர் கட்டியது. அதை நீங்கள் ராத்திரிக்கு மட்டும் கொடுக்கலாம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் வீடு மாறிய அட்டைப் பெட்டிகளெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். தவிர, நான் பாதி நாள் தனியாக இருக்கிறவள். உங்கள் கணவர் தினமும் வீட்டுக்கு வருகிறவர்தானே?

செருப்பைப் பற்றியும் இந்தத் தடவை எழுதுகிறேன். ஒரு வரியில் எழுதிவிடலாம்.

சற்று முன் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வேலிப் பக்கம் ஏதோ சரசரத்தது. நாயாக இருக்கலாம். ஏரிக்குள் யாரும் இந்த மழையில் இறங்க மாட்டார்கள். இருந்தாலும் இஞ்சி தட்டுகிற கல்லை எடுத்துக்கொண்டேன். கதவை முழங்காலால் முட்டுக்கொடுத்து மேலே தூக்கிப் பிடித்து, தாழ்ப்பாளின் அடியில் அடித்தேன். தொம். அசையவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு தொம்.

உள்ளே நித்திலா புரளும் சத்தம் கேட்டது. "மாமா" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் கையை நிறுத்தினேன். அழவில்லை. அடுத்ததற்குக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அடித்தேன். இன்னும் ஒன்று அடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு அவள் மூச்சு நீளமாக, சீராக வர ஆரம்பித்தது. நான் நிறுத்தாமல், இடைவெளி விட்டு, டயர் டயராக நடந்து போகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் தாழ்ப்பாள் துளைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கல்லால் மேலிருந்து தட்டியும் பார்த்தேன். அப்படி இறுகியிருக்கிறது. காலையில் நீங்கள் வரும்போது இதைத் திறந்து இந்தக் கடிதத்தை எப்படி உங்கள் கையில் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.